1780 என்று பொறித்த வெள்ளிக் காசு

சென்ற ஆண்டு ஆரோக்கிய அன்னையின் திருவிழா முடிந்த வாரத்தில் முதியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பணி ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். மடியிலிருந்து சிறியதொரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு வெள்ளிக் காசுகள் இருந்தன. ஒன்று நம்மில் பலரும் பாட்டிமாரின் பெட்டியில் கண்டிருக்கக்கூடிய ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு ரூபாய், 1943ஆம் ஆண்டினது. மற்றொன்று அதைவிட மிகப் பெரியது; உள்ளங்கையின் நடுவே வைத்தால் பள்ளத்தை நிரப்பிவிடும். அதன் ஒருபுறம் முக்காடிட்ட, சற்றே பருத்த பெண் ஒருத்தியின் உருவம். மறுபுறம் சிறகு விரித்த இருதலைக் கழுகு. கழுகைச் சுற்றி ஓடும் எழுத்துகளின் முடிவில் 1780 என்ற ஆண்டு.

அவருடைய தந்தை சென்னை சாப்பர் படையில் இருந்தவர். 'தம்பிகள்' என்று இராணுவத்தார் அன்போடு அழைத்த அந்தப் படைப்பிரிவோடு இரண்டாம் உலகப் போரில் எரித்திரியா சென்று திரும்பியவர். போரைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசாத அவர், இந்தக் காசை மட்டும் மனைவியின் கையில் கொடுத்தாராம். அந்த அம்மையார் ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்பும் குத்துவிளக்கோடு இதையும் புளியிட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். இப்போது பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்துள்ளது. இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் காசு பல இலட்சத்துக்குப் போகும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். நகரத்து வணிகர் ஒருவரோ தராசில் போட்டு, வெள்ளி விலைதான் தர முடியும் என்று கூறியிருக்கிறார்.

"இருவரில் யார் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் போதும் ஐயா" என்றார் பெரியவர்.

இருவருமே பொய் சொல்லவில்லை. ஓரளவுக்குப் பொய் சொல்வது அந்தக் காசுதான். அதிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும். அதை அவருக்கு விளக்க நமக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

முதலில் காசைப் படிப்போம். பெண்ணின் உருவத்தைச் சுற்றி இலத்தீன் மொழியில் சுருக்கெழுத்துகள் உள்ளன. விரித்தால், 'மரிய தெரேசியா, இறையருளால் ரோமானியப் பேரரசி, ஹங்கேரி, பொகீமியா நாடுகளின் அரசி' என்று வரும். கழுகின் பக்கத்தில் ஆஸ்திரியா, பர்கண்டி, திரோல் ஆகிய நாடுகளின் மேல் அவருக்கிருந்த பட்டங்கள் தொடர்கின்றன. உருவத்தின் கீழே எஸ், எஃப் என்னும் இரண்டு சிறிய எழுத்துகள். ஷோபல், பாபி என்ற இரு அக்கசாலை அதிகாரிகளின் பெயர்களுடைய முதல் எழுத்துகள் அவை. தலையிலிருப்பது கைம்பெண்ணின் முக்காடு. கணவர் முதலாம் பிரான்சிஸ் 1765இல் இறந்தபின், பேரரசி தாம் இறக்கும்வரை துக்க உடையையே அணிந்திருந்தார். தோளில் முத்துகள் பதித்த ஓர் அணி. இந்த முத்துகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றால் ஒரு நாட்டுச் சந்தையே நடந்தது.

இக்காசின் பெயர் தாலர். இப்பெயரின் பிறப்பு நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். பொகீமியாவில் வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு, அன்னை மரியாவின் தந்தையான புனித சுவக்கீன் பெயரால் யோவாக்கிம்ஸ்தால் என்று அழைக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அடிக்கப்பட்ட பெரிய வெள்ளிக் காசுகள் யோவாக்கிம்ஸ்தாலர் எனப்பட்டு, பின்னர் தாலர் என்று சுருங்கின. இன்று உலகமெல்லாம் வழங்கும் டாலர் என்ற சொல் அதன் திரிபே. ஆக, ஒவ்வொரு முறை டாலர் என்று சொல்லும்போதும் நாம் அறியாமலே சுவக்கீனுடைய பள்ளத்தாக்கின் பெயரில் பாதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, உண்மைக் காசுதானா என்ற ஆய்வு. மரிய தெரேசா தாலரின் எடை 28.07 கிராம், விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். ஆறு பங்கில் ஐந்து பங்கு வெள்ளி; மீதி பெரும்பாலும் செம்பு. அதாவது ஒரு காசில் தூய வெள்ளி 23.39 கிராம். பெரியவரின் காசு தராசில் 27.9 கிராம் காட்டியது. பல கைகளில் புழங்கித் தேய்ந்த காசுக்கு இந்தக் குறைவு இயல்பானது. பின்பு அதை மெல்லிய நூலில் கட்டி, ஒரு குவளை நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு நிறுத்தோம். எடை ஏறத்தாழ 2.7 கிராம் குறைந்தது. காற்றில் உள்ள எடையை இந்தக் குறைவால் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல் வரும்; இந்தத் தர வெள்ளியின் அடர்த்தி எண் அதுவே. வெள்ளி போல் பளபளக்கும் செம்பு, நிக்கல் கலவைகள் என்றால் ஒன்பதைக்கூட எட்டாது. உரைகல்லில் தேய்த்துக் காசைப் புண்படுத்தாமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

ஆயினும் போலியைக் காட்டிக்கொடுப்பதில் காசின் விளிம்புக்கு இணை வேறில்லை. இதன் விளிம்பில் வழக்கமான கோடுகள் இல்லை; கொடி வேலைப்பாடுகளுக்கு இடையே இலத்தீன் சொற்கள் புடைப்பாக ஓடுகின்றன: 'இயூஸ்தீசியா எத் கிளெமென்சியா.' நீதியும் கருணையும் என்பது பொருள். பேரரசியின் விருதுமொழி அது. அச்சில் வார்த்துச் செய்யும் போலிகளில் இந்த எழுத்துகள் மழுங்கியோ, இரு பாதிகள் ஒட்டிய தழும்போடோ இருக்கும். நம் கையிலிருந்த காசின் விளிம்பில் விரலை ஓட்டியபோது ஒவ்வோர் எழுத்தும் தட்டுப்பட்டது. ஐயமில்லை, உண்மையான தாலர்.

அப்படியானால் 1780?

மரிய தெரேசா 1780 நவம்பர் 29 அன்று வியன்னாவில் இறந்தார். வழக்கப்படி அதன்பின் அடிக்கும் காசுகளில் அவருடைய மகன் இரண்டாம் யோசேப்பின் முகம் இடம்பெற வேண்டும். ஆனால் கிழக்கு நாடுகளோடு வாணிகம் செய்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. துருக்கியப் பேரரசின் சந்தைகளிலும் செங்கடல் துறைமுகங்களிலும் மக்கள் முக்காடிட்ட அம்மையாரின் காசைப் பழகியிருந்தார்கள். புதிய முகத்தை நம்ப மறுத்தார்கள். ஆகவே குன்ஸ்பர்க் நகரத்து அக்கசாலையில், இறந்துபோன அரசியின் முகத்தோடும் அவர் இறந்த ஆண்டோடும் மீண்டும் காசடிக்கத் தொடங்கினர். அந்த அக்கசாலை 1805இல் மூடப்பட்டது. ஷோபலும் பாபியும் மறைந்தனர். வியன்னாவிலும் பிராகாவிலும் மிலானிலும் வெனிசிலும் அதே காசு, அதே இரண்டு எழுத்துகளோடு அடிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வரை அடிக்கப்பட்ட மரிய தெரேசா தாலர்களின் எண்ணிக்கை 38 கோடிக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை 1780 என்றே சொல்லிக்கொள்கின்றன. காசு சொல்லும் பொய் இது ஒன்றுதான். எடையிலோ தரத்திலோ அது பொய் சொன்னதில்லை.

செங்கடலின் இரு கரைகளிலும் இந்தக் காசு வாழ்ந்த வாழ்வு வியப்புக்குரியது. ஏமன் நாட்டுக் காப்பிக்கொட்டைக்கு விலையாக அது கப்பலேறிச் சென்றது. எதிர்க்கரையில் அபிசீனியாவின் மலைநாட்டில் தந்தத்துக்கும் பொன்னுக்கும் புனுகுக்கும் விலையானது. அங்கே சில்லறைக்குக் காசு கிடையாது. 'அமோலே' என்னும் உப்புக் கட்டிகளே சில்லறை. உப்பு வெட்டும் தாழ்நிலத்துக்கு அருகில் ஒரு தாலருக்குப் பல கட்டிகள் கிடைக்கும். மலையேறித் தொலைவு செல்லச் செல்லக் கட்டிகளின் எண்ணிக்கை குறையும். அம்காரிய மொழியில் 'பிர்' என்றால் வெள்ளி. இக்காசுக்கு வழங்கிய அப்பெயரே இன்றும் எத்தியோப்பிய நாணயத்தின் பெயராக நிலைத்துள்ளது. அரபு மக்கள் கழுகைக் கண்டு இதனைப் 'பறவையின் தந்தை' என்றனர்.

எழுத்தறியாத குடியானவர் இந்தக் காசை எப்படி வாங்கினார்? முத்துகளை எண்ணி வாங்கினார். அரசியின் அணியிலுள்ள முத்துகள் தெளிவாக எண்ணத்தக்கனவாய் இருக்கவேண்டும், கீழே அந்த இரண்டு எழுத்துகள் இருக்கவேண்டும், தேய்ந்திருந்தால் வேண்டாம். இது ஐரோப்பியப் பயணிகளுக்கு எரிச்சலூட்டியது. அறியாமை என்று சிலர் நகைத்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தேய்ந்த காசில் வெள்ளி குறைவு என்பதும், முத்து மழுங்கிய காசு வார்த்த போலியாக இருக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தராசும் உரைகல்லும் இல்லாத இடத்தில் கண்ணும் விரலும் செய்யக்கூடிய மிகச் சிறந்த ஆய்வு அதுவே.

அவர்களை ஏமாற்றப் பார்த்தவர்கள் தோற்றார்கள். எரித்திரியாவைக் கைப்பற்றிய இத்தாலியர், 1890களில் தம் அரசர் உம்பெர்த்தோவின் முகத்தோடு ஒரு தாலரை வெளியிட்டனர், அது எடுபடவில்லை. 1918இல், தொலைவிலிருந்து பார்த்தால் மரிய தெரேசாவைப் போலவே தோன்றும் ஒரு பெண்ணுருவத்தைப் பொறித்து மீண்டும் முயன்றனர். அதையும் சந்தை புறக்கணித்தது. எத்தியோப்பியாவின் சொந்தப் பேரரசர் இரண்டாம் மெனலிக் 1894இல் தம் உருவத்தோடு வெள்ளிக் காசு வெளியிட்டபோதும், மக்கள் பழைய அம்மையாரையே விரும்பினர்.

இந்த வரலாற்றை இனிமையாக மட்டும் சொல்லிச் செல்வது முறையன்று. செங்கடலின் கரையில் இக்காசைக் கொடுத்து மனிதரையும் வாங்கினார்கள். பிடித்துவரப்பட்ட சிறுவர்களுக்கும் சிறுமியருக்கும் தாலரில் விலை பேசி, அரபு நாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள். விலையை எண்ணி வாங்கியவரின் விரல் பட்ட விளிம்பில் 'நீதியும் கருணையும்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொற்களுக்கு உரியவரான அரசியே தம் ஆட்சியில் அவற்றை எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கவில்லை என்பதையும் கூறவேண்டும். 1776இல் நீதிமன்றச் சித்திரவதையை ஒழித்தவர் அவர்; அவரே 1744இல் பிராகா நகரத்து யூதர் அனைவரையும் வெளியேற்றக் கட்டளையிட்டார். கடுங்குளிரில் வெளியேறிய அம்மக்கள் திரும்பிவர 1748 வரை காத்திருக்க நேர்ந்தது. நம் திருச்சபையின் மகளாய்ப் பெரிதும் போற்றப்பட்டவர் என்பதற்காக இதனை நாம் மறைத்துவிட முடியாது.

இனி நம் மண்ணோடு இக்காசுக்குள்ள தொடர்புக்கு வருவோம். அபிசீனிய மன்னர் தெவோதிரோஸ் சிறைப்பிடித்த ஐரோப்பியரை மீட்க, 1867இன் இறுதியில் தளபதி நேப்பியர் தலைமையில் பம்பாயிலிருந்து ஒரு பெரும்படை புறப்பட்டது. வழிநெடுக உணவும் பொதிவிலங்குகளும் வாங்க, அந்நாட்டு மக்கள் ஏற்கும் பணம் வேண்டும். ஆங்கில அரசின் பவுனையோ இந்திய அரசின் ரூபாயையோ அங்கு யாரும் சீண்டமாட்டார்கள். ஆதலால் பிரித்தானியர் வியன்னாவிலிருந்து தாலர்களைத் தருவித்துக்கொண்டனர். அப்படைக்கு மலைப்பாதை அமைத்தவர்களுள் சென்னை சாப்பர்களும் இருந்தனர். 1868 ஏப்ரலில் மக்தலா கோட்டை வீழ்ந்தது.

அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் காசே போர்க்கருவியாயிற்று. எத்தியோப்பியாமீது படையெடுக்க எண்ணிய முசோலினி, 1935இல் ஆஸ்திரிய அரசிடமிருந்து தாலரின் அச்சுகளைப் பெற்று ரோமாபுரியில் அடிக்கத் தொடங்கினார். வியன்னாவில் காசு கிடைக்காமற் போகவே, செங்கடல் வாணிகத்தை இழக்க விரும்பாத பிரித்தானியர் 1936இல் இலண்டனில் தாங்களே அடித்தனர். வேற்றரசின் காசை அடிப்பது கள்ளக்காசுக் குற்றமாகாதா என்று கேள்வி எழுந்தது. 1858 முதல் ஆஸ்திரியாவிலேயே இது சட்டப்படி செல்லும் பணம் அன்று. ஆகவே இது வெறும் வாணிகச் சரக்கு என்று அவர்கள் விடை கண்டனர். பாரிசும் பிரசல்சும் அதே வழியைப் பின்பற்றின. எல்லா நாட்டாரும் 1780 என்றே பொறித்தனர்.

பின்பு 1940, 1941ஆம் ஆண்டுகளில் நமது பம்பாய் அக்கசாலையிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட தாலர்கள் அடிக்கப்பட்டன. கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியரை எதிர்க்க ஆயத்தமான பிரித்தானியருக்கு, எத்தியோப்பியக் குடிகளிடமும் விடுதலைப் படையினரிடமும் கொடுக்கப் பணம் தேவைப்பட்டது. ஒட்டகங்களின் முதுகில் பெட்டி பெட்டியாகத் தாலர்கள் சென்றன. 1941 மார்ச் 27இல் கெரன் வீழ்ந்தது. அப்போரில் இந்தியப் படைகள் பட்ட துன்பம் பெரிது. பெரியவரின் தந்தை அந்த மலைகளில் எங்கோ பாறைகளை அகற்றி வழி செய்துகொண்டிருந்திருப்பார்.

இங்கே நாம் பெரியவரின் மற்றொரு காசை, அவர் ஒரு பொருட்டாகவே எண்ணாத 1943ஆம் ஆண்டு ரூபாயை, எடுத்து அருகில் வைத்தோம். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக் காலம் இந்திய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்துவந்தது. 1940இல் போர்க்கால நெருக்கடியில், மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கியபோது, அரசு அதைப் பாதியாகக் குறைத்தது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் மறுபாதியை நிரப்பின. பழைய நல்ல ரூபாய்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் செல்லாதவையாக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. 1947இல் ரூபாயில் வெள்ளியே இல்லை.

இதே பம்பாய் அக்கசாலையில், இதே ஆண்டுகளில், அதே அரசு தாலரை மட்டும் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி குறையாமல் அடித்தது. காரணம் எளிது. ரூபாய்க்குப் பின்னால் சட்டம் இருந்தது. பாதி வெள்ளியானாலும் இந்தியக் குடிகள் வாங்கித்தான் ஆகவேண்டும். தாலருக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை, எந்த அரசும் இல்லை; முத்துகளை எண்ணிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடக்கூடிய ஓர் எத்தியோப்பிய விவசாயி மட்டுமே இருந்தார். மறுக்கும் உரிமை உள்ளவனிடம் பேரரசும் நாணயமாக நடந்துகொண்டது. நாணயம் என்ற சொல்லைத் தமிழர் காசுக்கும் நேர்மைக்கும் ஒருசேர வழங்குவதை எண்ணி நாம் அன்று சிறிது நேரம் பேசாமலிருந்தோம். ஆப்பிரிக்க மலையில் உயிரைப் பணயம் வைத்த தம்பிக்குச் சம்பளமாக வந்தது பாதி வெள்ளி ரூபாய். அவர் பைக்குள் கொண்டுவந்த தாலர் ஒன்றில், அந்த ரூபாய்கள் நான்கில் உள்ள அளவு வெள்ளி இருந்தது.

விலையைச் சொல்லும் நேரம் வந்தது. கணக்கு கடினமன்று. காசின் எடையை ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் தூய வெள்ளியின் அளவு கிடைக்கும்; இங்கே 23.25 கிராம். அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். சேகரிப்பாளர்கள் இதற்குச் சற்று மேலாகத் தருவதுண்டு. மிக மேலாக அல்ல, கோடிக்கணக்கில் உள்ள காசல்லவா. பேரரசி உயிரோடிருந்தபோது, 1780க்கு முந்திய ஆண்டுகளைத் தாங்கி வெளிவந்தவை விலை மிக்கவை. 1780 என்றுள்ளவற்றிலும் எந்த நகரத்தில், எக்காலத்தில் அடித்தது என்பதைக் கழுகின் வாலிறகுகளையும் முத்துகளின் அமைப்பையும் எழுத்துகளுக்கிடையிலான புள்ளிகளையும் ஒப்பிட்டு அறிஞர்கள் பிரித்திருக்கிறார்கள்; சில வகைகள் அரியவை. அரபு மன்னர்கள் தம் முத்திரையை மேலே குத்தி வெளியிட்டவையும் தேடப்படுகின்றன. ஆனால் அம்முத்திரைகளிலேயே போலி மிகுதி. வளையம் பற்றவைத்துக் கழுத்தணியாக்கியவை விலை குறைந்தவை. தேய்த்து மெருகேற்றியவையும் அப்படியே. எழுபதாண்டுக் காலம் புளியும் சாம்பலும் பட்ட இந்தக் காசில், காலத்தால் படியும் மெல்லிய கருமை அடியோடு போய்விட்டது. முத்துகளில் சில மழுங்கியும் இருந்தன. செங்கடல் சந்தையில் இதை இனி எவரும் வாங்கியிருக்கமாட்டார். பழைய காசு வைத்திருப்போர் அதைத் துலக்காமல் விட்டுவிடுவதே நன்று என்பதை வாசகர்களுக்கும் சொல்லி வைக்கிறோம்.

கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சிறு மூலைக்குக்கூட இது காணாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை, ஆனாலும் சொன்னோம். வணிகர் நேர்மையாகவே விலை சொல்லியிருந்தார் என்பதையும் சொன்னோம். பெரியவர் முகம் வாடியது. பிறகு, "சீட்டு ஒன்று இருக்கிறது, தள்ளி எடுத்துவிடலாம்" என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டார்.

இரண்டு காசுகளையும் மீண்டும் முடிந்துகொண்டவர், எழுந்து போகவில்லை. "இவ்வளவையும் பேத்தியிடம் சொல்ல எனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு தாளில் எழுதித் தாருங்கள்" என்றார். எழுதினோம்: எடை, விட்டம், தூய வெள்ளியின் அளவு, விளிம்பிலுள்ள சொற்கள், அவற்றின் பொருள், தாத்தாவின் தந்தை சென்ற நாடு. 'ஆண்டு' என்று எழுதியபின் பேனா சற்று நின்றது. 1780 என்று எழுதி, அடித்துவிட்டு, 'பொறித்தது 1780. வந்தது போர் முடிந்து' என்று எழுதிக் கொடுத்தோம். அவர் தாளை நான்காக மடித்துக் காசுகளோடு சேர்த்து முடிந்துகொண்டார்.